விலைக்குப் போன கை

பேஸ்பால் பந்தைத் தொட்டுக்கூடப் பார்த்திராத இரண்டு ஈட்டி எறிவீரர்களை ஒரு தொலைக்காட்சிப் போட்டி லக்னோவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. ஹாலிவுட் படம் ஒப்பந்தக் கையெழுத்தோடு முடிந்துவிட்டது. கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

ஃப்ளோரிடாவின் பிரேடன்டன் நகரில் ஜூலை மாத வெயில் சென்னை வெயிலுக்குச் சளைத்ததல்ல. அங்கே நண்பகலில் நடந்த கல்ஃப் கோஸ்ட் லீக் பேஸ்பால் ஆட்டங்களைப் பார்க்கப் பெரிதாக யாரும் வந்ததில்லை. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் அடிமட்டப் படி அது. ஆட்டக்காரர்களின் உறவினர்கள் சிலர், வேகம் அளக்கும் ரேடார் கருவியோடு அணி அதிகாரிகள் சிலர், அவ்வளவுதான் கூட்டம். 2009 ஜூலையில் அப்படி ஓர் ஆட்டத்தின் நடுவில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனத்தின் கத்துக்குட்டி அணிக்காகப் பந்து வீச வந்தார் ஓர் இடக்கைக்காரர். அவருடைய அணி ஜெயித்தது.

கிரிக்கெட்டில் வெற்றி அணிக்குத்தான். பேஸ்பாலில் அது ஒரு குறிப்பிட்ட பிட்சரின் பெயரிலும் கணக்கெழுதப்படும். அன்று எழுதப்பட்ட பெயர் ரிங்கு சிங். கம்பள நெசவுக்குப் பேர்போன, உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்தைச் சேர்ந்தவர். லாரி ஓட்டுநரின் மகன். வீட்டில் ஒன்பது குழந்தைகள். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இந்தியர் ஒருவர் பெயரில் பதிவான முதல் வெற்றி அது. அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு வரை பேஸ்பால் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது.

ரிங்குவை அந்த மைதானத்துக்குக் கொண்டுவந்தது விளையாட்டு ஆர்வம் அல்ல. ஒரு வியாபாரக் கணக்கு. ஜே.பி. பெர்ன்ஸ்டைன் விளையாட்டு வீரர்களுக்கு விளம்பர ஒப்பந்தங்கள் பிடித்துத் தரும் ஏஜென்ட். பாரி பாண்ட்ஸ் போன்ற பெரும் நட்சத்திரங்களின் வர்த்தக விவகாரங்களைக் கவனித்தவர். 2002ல் சீனாவின் யாவ் மிங் ஹூஸ்டன் கூடைப்பந்து அணிக்கு வந்ததும், கோடிக்கணக்கான சீனர்கள் ஒரே இரவில் அமெரிக்கக் கூடைப்பந்தின் ரசிகர்களாக மாறியதை அந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். சீனா போய்விட்டது, அதற்கு ஈடான ஜனத்தொகை கொண்ட இன்னொரு தேசம் எது? அங்கே பந்தை வேகமாக எறியத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே லட்சக்கணக்கில் இருக்கிறார்களே! வில் சாங் என்ற முதலீட்டாளரும் ஆஷ் வாசுதேவன் என்ற கூட்டாளியும் சேர்ந்துகொள்ள, 'மில்லியன் டாலர் ஆர்ம்' பிறந்தது.

போட்டி எளிமையானது. ஊர் ஊராக வலை கட்டி, ரேடார் கருவியை வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து எறியலாம். மணிக்கு 85 மைல் வேகம் வேண்டும், அதாவது 137 கிலோமீட்டர். பந்து ஸ்ட்ரைக் எல்லைக்குள்ளும் விழ வேண்டும். அந்த எல்லையின் அகலம் 17 அங்குலம். உயரம் ஆட்டக்காரரின் முழங்காலிலிருந்து நெஞ்சு வரை. ஒரு சின்ன ஜன்னல் என்று வைத்துக்கொள்ளலாம். அதை 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து, ஓடிவராமல், நின்ற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். 2007-08ல் நடந்த முதல் போட்டியில் 37 ஆயிரம் பேருக்கு மேல் எறிந்து பார்த்ததாக அமைப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். தேர்வு செய்ய வந்தவர் ரே பாய்ட்டவின்ட் என்ற மூத்த பேஸ்பால் தேர்வாளர்.

கிரிக்கெட் தேசத்தில் நடத்திய இந்தப் போட்டியில் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் கிரிக்கெட்காரர்கள் அல்ல என்பதுதான் வேடிக்கை. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கிரிக்கெட் பந்துவீச்சாளர் ஓடிவரும் வேகத்தைப் பந்துக்கு மாற்றுகிறார். முழங்கையை அவர் நீட்டக்கூடிய அளவை விதி கட்டுப்படுத்துகிறது. 2005 முதல் அந்த வரம்பு 15 டிகிரி. பிட்சருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. மடங்கிய முழங்கை சவுக்குபோலச் சொடுக்க வேண்டும். அதற்கான வேகம் காலில் தொடங்கி, இடுப்பில் திரும்பி, தோள் வழியாக விரல் நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தியாவில் இதைப் பயிற்சியாகவே செய்துகொண்டிருந்த ஒரு கூட்டம் உண்டு. ஈட்டி எறிபவர்கள். 800 கிராம் ஈட்டியை எறிந்து பழகிய கைக்கு 150 கிராம்கூட எட்டாத பந்து எம்மாத்திரம்!

2008 தொடக்கத்தில் நடந்த இறுதிச் சுற்றில் ரிங்கு முதலிடம் பிடித்தார். வேகம் 87 மைல். இரண்டாவதாக வந்தவர் தினேஷ் படேல், வலக்கைக்காரர். வாரணாசிப் பக்கத்துக் கிராமம், பாட்டி வீட்டு வளர்ப்பு. இருவரும் ஈட்டிக்காரர்கள். இருவரும் லக்னோவில் உள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியின் மாணவர்கள். சுரேஷ் ரெய்னாவை உருவாக்கிய அதே அரசுக் கல்லூரி. ரிங்கு ஜூனியர் தேசிய அளவில் பதக்கம் வாங்கியவர்.

அன்றைய நிலையில் அந்தப் பதக்கத்தின் மதிப்பு என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய கல்லூரிகளில் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு ஒலிம்பிக் கனவெல்லாம் இரண்டாம்பட்சம். ராணுவத்திலோ ரயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, மாதாமாதம் சம்பளம், பிறகு ஓய்வூதியம். ஈட்டி அந்தக் கதவைத் தட்டும் கழி. ரிங்குவுக்குக் கிடைத்த பரிசு 1,00,000 டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 40 லட்சம் ரூபாய். தினேஷுக்கு 2,500 டாலர். போட்டியின் பெயரில் இருந்த பத்து லட்சம் டாலருக்கு இன்னும் கடுமையான ஒரு நிபந்தனை இருந்தது. அதை யாரும் நிறைவேற்றவில்லை.

அதே 2008 பிப்ரவரியில் மும்பையில் இன்னோர் ஏலம் நடந்தது. முதல் ஐ.பி.எல். ஏலம். தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. டெல்லிப் பையன் இஷாந்த் சர்மாவைக் கொல்கத்தா அணி 9.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. இஷாந்த் பிறந்தது 1988 செப்டம்பரில். ரிங்கு 1988 ஆகஸ்டில். ஒரே மாத இடைவெளியில் பிறந்த இரண்டு வடஇந்திய இளைஞர்கள். இருவரின் மூலதனமும் வேகமான கை. எந்த விளையாட்டின் கை என்பதில்தான் வித்தியாசம்.

2008 மே மாதம் இருவரும் லாஸ் ஏஞ்சலீஸ் போய்ச் சேர்ந்தார்கள். ஆங்கிலம் தெரியாது. தங்கியது பெர்ன்ஸ்டைனின் வீட்டில். பயிற்சி தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில்; குரு டாம் ஹவுஸ். இவர் தனிக் கட்டுரைக்குரிய ஆசாமி. முன்னாள் பிட்சர், உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், நோலன் ரயன் போன்ற ஜாம்பவான்களோடு வேலை செய்தவர். 1974 ஏப்ரலில் ஹாங்க் ஆரன் 715வது ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தபோது, எல்லைக்கு அப்பால் போன அந்தப் பந்தைப் பிடித்ததும் இவர்தான்.

எறிவதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டியிருந்தது. கையுறை போட்டுக்கொண்டு பந்து பிடிப்பது முதல் பாடம். அமெரிக்கக் குழந்தை ஆறு வயதில் தோட்டத்தில் அப்பாவோடு கற்றுக்கொள்வதை இவர்கள் இருபது வயதில் கற்றார்கள். பந்தின் தையலில் விரலை எப்படி வைத்தால் அது கடைசி நேரத்தில் தாழும், எப்படி வைத்தால் வேகம் குறைந்து பேட்டரை ஏமாற்றும். முதல் பேஸில் நிற்பவன் ஓடப் பார்த்தால் என்ன செய்வது. பந்து தன் பக்கம் உருண்டு வந்தால் எங்கே எறிவது. ஈட்டிக்காரனுக்கு எதிராளி கிடையாது. அவன் தூரத்தோடு மட்டும் போராடுகிறான். பிட்சருக்கு எதிரே ஒருவன் மட்டையோடு நின்று அவன் மனதைப் படித்துக்கொண்டிருக்கிறான். வேகத்தைக் காட்டிலும் இந்த மனக்கணக்கைக் கற்பதுதான் கஷ்டம். அதைக் கற்க ஆயிரக்கணக்கில் பந்து வீசித் தோற்க வேண்டும். அதற்கு இருபது வயதுக்காரர்களுக்கு அவகாசம் இல்லை.

நவம்பரில் அரிசோனாவின் டெம்பி நகரில் பல அணிகளின் தேர்வாளர்கள் முன்னால் இருவரும் வீசிக் காட்டினார்கள். நவம்பர் 24 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தது. அமெரிக்க பேஸ்பால் அணியோடு ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர்கள். உலகம் முழுவதும் செய்தி பறந்தது.

ஏன் பைரேட்ஸ்? அந்த அணி அந்த ஆண்டோடு தொடர்ந்து 16 சீசன்கள் வெற்றிகளைவிட அதிகமான தோல்விகளைச் சந்தித்திருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. தவிர, விலையும் மலிவு. ஒப்பந்தத் தொகை ஆளுக்குச் சுமார் 8,000 டாலர் என்று செய்தி வந்தது. அதே ஆண்டு அதே அணி பெட்ரோ அல்வாரெஸ் என்ற கல்லூரி ஆட்டக்காரருக்குக் கொடுத்தது 60 லட்சம் டாலருக்கும் மேல். அல்வாரெஸிடம் அவர்கள் வாங்கியது ஆட்டத்தை. இவர்களிடம் வாங்கியது ஒரு சாத்தியத்தையும், அதோடு இலவசமாக வந்த தலைப்புச் செய்திகளையும்.

இந்த இடத்தில் இன்னொரு கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிங்குவும் தினேஷும் லாஸ் ஏஞ்சலீஸில் பந்தைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்த 2008 ஆகஸ்டில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மோனிகா அபட் என்ற அமெரிக்கப் பெண் நெதர்லாந்துக்கு எதிராக ஒருவரைக்கூட பேஸுக்கு வரவிடாமல் ஆட்டத்தை முடித்தார். ஒலிம்பிக் சாஃப்ட்பாலில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. பேஸ்பாலின் தங்கையான சாஃப்ட்பாலில் பந்து பெரிது. 43 அடி தொலைவிலிருந்து கையைக் காற்றாடிபோலச் சுழற்றிக் கீழிருந்து வீச வேண்டும். டென்னஸி பல்கலைக்கழக அணிக்காக 2004 முதல் 2007 வரை அபட் குவித்தது 189 வெற்றிகள், 2,440 ஸ்ட்ரைக் அவுட்கள். இரண்டும் கல்லூரிச் சாதனைகள். 2012ல் அவர் வீசிய 77 மைல் பந்து கின்னஸ் ஏறியது. அந்தக் குறைந்த தூரத்தில் அது பேஸ்பாலின் 100 மைல் பந்தைவிட விரைவாக மட்டைக்கு வந்து சேரும். கல்லூரி முடிந்த பிறகு இப்படிப்பட்டவருக்கு நிலையான பிழைப்பு தந்தது ஜப்பானில் டொயோட்டா கம்பெனியின் அணி. சொந்த நாட்டில் அவருக்கு பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது 2016ல். அதுவும் ஆறு ஆண்டுகளுக்கு. அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 20,000 டாலர், மீதி வருகிற கூட்டத்தைப் பொறுத்தது. கல்லூரிப் பெண் பிட்சர் ஒருவரின் ஒரே ஆண்டு மதிப்பு அந்தத் தொகையை எட்டியது 2024ல்தான்; நைஜாரி கனாடி டெக்ஸஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது.

இந்தியாவிலும் பேஸ்பாலுக்கு மிக நெருக்கமான ஆட்டத்தைப் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆடிவந்தவர்களில் பெண்கள் கணிசம். கேரளம், மகாராஷ்டிரம், பஞ்சாப் கல்லூரிகளில் சாஃப்ட்பால் அணிகள் வெகுகாலமாக உண்டு. எறியத் தெரிந்த, விதிகளும் தெரிந்த கைகள். ஆனால் போட்டி அவர்களுக்கானது அல்ல. ஆண்கள் பேஸ்பாலுக்குத்தான் சந்தை.

பிரேடன்டனுக்குத் திரும்புவோம். மேஜர் லீக்கை அடைய ஒரு பிட்சர் அந்நாளில் ஆறேழு படிகள் ஏற வேண்டும். அடிமட்டத்தில் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் சம்பளம். அதுவும் மாதம் 1,100 டாலர் அளவில்தான். (இந்தச் சம்பளத்தை எதிர்த்து மைனர் லீக் ஆட்டக்காரர்கள் 2014ல் வழக்குத் தொடர்ந்து, 2022ல் 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது வேறு கதை.) முதல் சீசனில் ரிங்கு 11 ஆட்டங்களில் வீசினார். ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் 5.84. சுமார் ரகம். தினேஷ் குறைவாகவே வீசினாலும் நன்றாக வீசினார்; அவருடைய சராசரி 1.42.

அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழாயிற்று. ரிங்கு தேறினார், தினேஷ் தடுமாறினார். 2010 முடிவில் பைரேட்ஸ் தினேஷை விடுவித்துவிட்டது. இரண்டு சீசன்களில் அவர் மொத்தமாக வீசியது மிகக் கொஞ்சம். பேஸ்பாலில் இது கொடுமை அல்ல, நடைமுறை. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான அமெரிக்கப் பையன்கள் இப்படித்தான் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் பலர் தங்கள் ஊர்ப் பள்ளியில் பயிற்சியாளராகலாம். தினேஷ் திரும்பிவந்த ஊரில் அந்த ஆட்டமே கிடையாது. படிப்பைத் தொடர்ந்தார், மறுபடி ஈட்டியை எடுத்தார். இருபது வயதின் முக்கியமான மூன்று ஆண்டுகள் போயிருந்தன.

ரிங்கு நின்றார். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான், மதிப்புக்குரியதும் இதுதான். போட்டியில் வென்றது இயற்கை தந்த கை. பிறகு நடந்தது உழைப்பு. 2010ல் ஒரு படி மேலே போய் ஸ்டேட் காலேஜ் அணி. 2011ல் டொமினிக்கன் குடியரசு, மீண்டும் ஸ்டேட் காலேஜ், பிறகு மேற்கு வர்ஜீனியா. அமெரிக்காவில் குளிர்காலம் வந்தபோது ஓய்வெடுக்காமல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா அணிக்குப் போய் வீசினார். 2012ல் மேற்கு வர்ஜீனியா பவர் அணிக்காக 39 ஆட்டங்கள், 72 இன்னிங்ஸ், 65 ஸ்ட்ரைக் அவுட்கள், சராசரி 3.00. இந்த எண்களுக்கு மேல் 'இந்தியர்' என்று எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த அமெரிக்க இளைஞரின் பெயரில் இருந்தாலும் பயிற்சியாளர்கள் அவரை அடுத்த படிக்கு யோசித்திருப்பார்கள். விளம்பரத்துக்காக வாங்கப்பட்டவர் நான்கே ஆண்டுகளில் உண்மையான பிட்சராகியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் முழங்கை போனது.

பிட்சரின் முழங்கைக்கு உள்புறம் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு தசைநார் இருக்கிறது. ஒவ்வொரு வேகப் பந்திலும் கை பின்னால் வளைந்து முன்னால் சொடுக்கும்போது, மேல்கை எலும்பையும் கீழ்கை எலும்பையும் பிரிந்துபோகாமல் பிடித்துவைப்பது அதுதான். மனித உடம்பு அந்த வேலைக்காக உண்டாக்கப்படவில்லை. நார் நைந்து அறுந்தால், வேறோர் இடத்திலிருந்து தசைநாண் எடுத்து எலும்பில் துளையிட்டுக் கட்ட வேண்டும். 1974ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதன்முதலாகச் செய்தது டாமி ஜான் என்ற பிட்சருக்கு. அவர் அதற்குப் பிறகு 164 வெற்றிகள் குவித்ததால் சிகிச்சைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. இப்போது இது சகஜம். பெரும்பாலோர் திரும்பி வந்துவிடுகிறார்கள். திரும்பிவர ஓராண்டுக்கு மேலாகும். ரிங்குவுக்கும் இதே சிகிச்சை. 2013 சீசன் போயிற்று, 2014ம் போயிற்று, 2015ம் போயிற்று. மைனர் லீக் ஆட்டம் எதிலும் அவர் மறுபடி வீசவில்லை. ஏ நிலை என்ற நடுப்படிக்கு மேல் அவர் போகவே இல்லை.

சின்ன வயது முதல் வீசிவரும் உடம்பும், இருபது வயதில் திடீரென்று அந்த அசைவைக் கற்றுக்கொண்ட உடம்பும் ஒரே மாதிரி தாங்குமா என்ற கேள்வி எழாமல் இருக்காது. ஆனால் சின்ன வயதிலிருந்தே வீசுகிறவர்களின் முழங்கையும்தான் அறுகிறது. ஈட்டிக்காரர்களும் தப்புவதில்லை. நீரஜ் சோப்ராவுக்கு 2019 மே மாதம் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் அந்த சீசனையே இழந்தார். ஆனால் அவருக்குப் பின்னால் ராணுவ வேலையும், அரசின் ஒலிம்பிக் திட்டப் பணமும், வெளிநாட்டுப் பயிற்சியாளரும் இருந்தார்கள். காத்திருக்க முடிந்தது. 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். அன்றைக்குத்தான் ஈட்டி என்பது இந்தியாவில் ஒரு தொழில் என்று ஊருக்குத் தெரிந்தது. 2008ல் லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் இருந்த ஓர் ஈட்டிக்காரரிடம் போய், இதை விட்டுவிட்டு பேஸ்பாலுக்குப் போகாதே என்று சொல்ல யாரிடமும் காரணம் இருந்திருக்காது.

ரிங்கு காயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த 2014 மே மாதத்தில்தான் டிஸ்னியின் 'மில்லியன் டாலர் ஆர்ம்' திரைக்கு வந்தது. 'லைஃப் ஆஃப் பை' சூரஜ் சர்மா ரிங்குவாகவும், 'ஸ்லம்டாக் மில்லியனர்' மதுர் மிட்டல் தினேஷாகவும் நடித்தார்கள். இசை ஏ.ஆர். ரஹ்மான் என்பதால் தமிழ்நாட்டிலும் கொஞ்சம் பேச்சு. ரசிக்கத்தக்க படம்தான். ஆனால் அதன் கதாநாயகன் ஜான் ஹாம் நடித்த ஏஜென்ட். பணத்தின் பின்னால் ஓடிய மனிதர் இரண்டு இந்தியப் பையன்களால் மனம் மாறுகிறார், கடைசியில் தேர்வாளர்கள் முன்னால் பந்துகள் பாய்கின்றன, ஒப்பந்தம், சுபம். மேற்கு வர்ஜீனியாவின் 72 இன்னிங்ஸும் அந்தப் படத்தில் இல்லை, அறுந்த நாரும் இல்லை. தினேஷ் ஏற்கெனவே ஊர் திரும்பி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இதையெல்லாம் வைத்து அந்த ஏஜென்டை வில்லனாக்கிவிடவும் முடியாது. அவர் பையன்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அவர் வந்திராவிட்டால் ரிங்குவின் குடும்பத்துக்கு அந்த 40 லட்சம் எந்த ஈட்டியிலிருந்தும் வந்திருக்காது. ஏமாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. போட்டி நடத்தியவர்கள் தேடியது இன்னொரு யாவ் மிங்கை. ஆனால் யாவ் மிங்கைச் சீனா சிறு வயதிலிருந்தே கூடைப்பந்துக்காக வளர்த்து வைத்திருந்தது. அமெரிக்கா அவரைக் கண்டுபிடிக்கவில்லை, அழைத்துக்கொண்டது. இந்தியாவில் அப்போது பேஸ்பால் மைதானம் அரிது, பள்ளி அணி அரிது, பயிற்சியாளரும் அரிது. அடித்தளத்தைக் கட்டாமல் கூரையை மட்டும் வாங்கிப் பொருத்தப் பார்த்தார்கள். மேஜர் லீக் பேஸ்பால் டெல்லியில் அலுவலகம் திறந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தைச் சொல்லித்தரத் தொடங்கியது 2019ல்தான். ரிங்கு முதல் பந்து வீசிப் பத்தாண்டு கழித்து.

கை போனாலும் ரிங்குவுக்கு இன்னும் கிராக்கி இருந்தது. 2018 ஜனவரியில் அவரை டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி ஒப்பந்தம் செய்தது. அங்கும் இந்தியச் சந்தைக் கணக்குதான். முதலில் சௌரவ் குர்ஜரோடு ஜோடி. பிறகு தனியாக 'வீர் மஹான்'. நெற்றியில் திருநீற்றுப் பட்டை, கழுத்தில் ருத்ராட்சம், நீண்ட கூந்தல், உறுமல். 2022 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரே மிஸ்டீரியோவையும் அவர் மகனையும் தாக்கிக்கொண்டு அவர் அறிமுகமானபோது, இந்தியச் சிறுவர்கள் லட்சக்கணக்கில் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இவர் ஒரு காலத்தில் 65 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த இடக்கைப் பிட்சர் என்று தெரிந்திருக்கும்? அந்த மேடையில் யார் ஜெயிப்பது என்பது முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கும். பிட்சரின் மேட்டில் அந்த வசதி கிடையாது. 2024 ஏப்ரலில் மல்யுத்தக் கம்பெனியும் அவரை விடுவித்தது.

2025ல் மீண்டும் அவர் பெயர் செய்திகளில் அடிபட்டது. மதுராவுக்கு அருகே பிருந்தாவனத்தில், பிரேமானந்த் மகராஜின் ஆசிரமத்தை ஒட்டிய தெருவை அவர் பெருக்கிக்கொண்டிருக்கும் படங்கள் வெளியாயின. ஆசிரமத்தில் சேவை செய்வதாகச் செய்தி சொன்னது. பல பத்திரிகைகள் 'முன்னாள் மல்யுத்த வீரர்' என்று தலைப்புப் போட்டன. பேஸ்பாலைப் பற்றிச் சொன்னவை, செய்தியின் கடைசி வரியில் சொல்லின.